உப்பளத்துக்குப் போகிறவள்

பெப்ரவரி 2, ஞாயிறு

என் பெருவிரலை வைத்தால்தான் இந்தப் போன் திறக்கும். கைநாட்டுக்காரனுக்கென்றே செய்த பெட்டி. அழுத்த வேண்டிய இடத்தை மகள் மெற்றில்டா காட்டித் தந்திருக்கிறாள். "நீங்கள் சொல்லச் சொல்ல அது எழுதும், அப்பா. ஆனா எங்கட பேச்சு அதுக்கு விளங்காது. கோயில்ல வாசகம் வாசிக்கிற மாதிரிச் சொல்லுங்கோ" என்றாள். ஆகவே வாசகம் வாசிக்கிற மாதிரியே சொல்கிறேன். நான் சொல்வதைக் கேட்க வீட்டில் ஆளில்லை என்றுதான் இதைத் தந்தாள். அவள் அப்படிச் சொல்லவில்லை. எனக்குத் தெரியும்.

நான் பேசாலை என்ற கடற்கரை ஊர்ச் சந்தியோகு. வயது எழுபத்தாறு. போன வருடம் தொடக்கம் சிசிலித் தீவில், பலேர்மோ பட்டினத்தில், மகள் வீட்டு மூன்றாம் மாடியில் இருக்கிறேன். மார்ச் பதினைந்து, சனிக்கிழமை, நானும் என் மனைவி பெற்றோனில்லாவும் ஊருக்குத் திரும்ப டிக்கெட் போட்டாயிற்று.

இன்று மெழுகுதிரித் திருநாள். இந்த நாளில் மந்திரித்த மெழுகுதிரி இல்லாமல் பெற்றோனில்லா வீடு வந்ததை நான் கண்டதில்லை. இந்த வருடம் சனிக்கிழமைப் பின்னேரமே பூசையைக் கண்டு முடித்துவிட்டு, இன்று விடிய, தொப்பியும் போட்டுக்கொண்டு, பறவை பார்க்கப் போய்விட்டாள்.

பறவை பார்க்க! பிடிப்பதில்லை, சமைப்பதில்லை, வளர்ப்பதுமில்லை. பார்த்துவிட்டு வருவதாம். கீழ் மாடியில் இருக்கிற றொசாரியா என்ற வெள்ளைக்காரி, தபால் கந்தோரில் இருந்து ஓய்வு பெற்றவள், ஒரு வான் வண்டியில் ஏழெட்டுக் கிழடுகளை ஏற்றிக்கொண்டு ஞாயிறு தோறும் போகிறாள். அவளிடம் கதைத்துக் கதைத்து இத்தாலிய மொழியைக் கொஞ்சம் பிடித்துக்கொண்ட இவளையும், நத்தார்ப் பண்டிகைக்கு முன்னர் ஒரு நாள், கூப்பிட்டாள். அன்று போனவள்தான்.

அதுவும் போகட்டும். அந்த வானில் பஸ்தியாம்பிள்ளை என்று எங்கள் நாட்டுக் குருநகர்க்காரர் ஒருவர் இருக்கிறார். பெண்சாதி செத்தவர். நாற்பது வருடமாக இங்கே பெரிய வீடுகளில் சமைத்தவர். கறுத்தக் கண்ணாடி, கழுத்தில் துணி, தொங்கவிட்ட தூரக்கண்ணாடி. எல்லோரும் பஸ்தியர் என்கிறார்கள். இவளை அவர் இந்த நாட்டு வழக்கப்படி "சின்யோரா", அதாவது அம்மணி, என்று கூப்பிடுகிறாராம். இவளே சிரித்துக்கொண்டு சொன்னாள்.

நேற்று, "சூட்கேஸை எப்ப அடுக்கப் போறாய்?" என்று கேட்டேன்.

"பாப்பம்" என்றாள்.

போவதற்கு டிக்கெட் இருக்கிறது. பார்க்க என்ன இருக்கிறது?

பெப்ரவரி 3, திங்கள்

கணவாய்க் கறி. உப்புக் காணாது. சமைக்கும்போது எதையோ முணுமுணுத்துப் பாடினாள்.

பெப்ரவரி 9, ஞாயிறு

இன்று நானும் போனேன். "உங்களுக்குச் சலிக்கும்" என்றாள். "சலிச்சா சலிக்கட்டும்" என்று வானில் ஏறினேன்.

மேற்குக் கரையில் திராப்பானி என்று ஒரு பட்டினம். அங்கே பெரிய உப்பளம். வழியெல்லாம் வாதுமை மரங்கள் இலை வருமுன் பூத்து நின்றன. உப்பைக் கூரை மாதிரிக் குவித்து, மழைக்கு ஓடு வேய்ந்து வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் கை விரித்த பழைய காற்றாலை. குளிர் காதைக் கடித்தது.

வானை விட்டிறங்கிய பஸ்தியரிடம், "வணக்கம், நான் சந்தியோகு" என்றேன். என் தோளுக்கு மேலால் எங்கேயோ பார்த்து, "வாங்கோ அண்ணை, வாங்கோ" என்றார். மரியாதை தெரிந்த மனிதன் முகத்தைப் பார்த்துப் பேசுவான். இவர் பெரிய வீட்டுச் சமையற்காரர். பேசாலைக்காரன் முகம் அவருக்குத் தெரியுமா?

பிறகு நடந்ததை என் கண்ணால் கண்டேன். வரம்பில் நடக்கத் தொடங்கியதும் பெற்றோனில்லா போய் அந்த மனிதனின் முழங்கையைப் பிடித்தாள். சும்மா தொட்டது அல்ல, பிடித்தது. நான் பின்னால் வருகிறேன், நாற்பத்தெட்டு வருடத்துப் புருஷன். திரும்பியும் பார்க்கவில்லை.

மூன்று காலில் நிற்கும் பெரிய தூரக்கண்ணாடியைப் பஸ்தியர்தான் கொண்டுவந்தார். ஆனால் அதற்குள் முதலில் பார்ப்பது அவள். பார்த்துவிட்டு அவர் காதோடு வாயை வைத்து எதையோ சொல்கிறாள். அவர் தலையைச் சாய்த்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்திருக்க, சிரிக்கிறார். மறுபடி அவள் பார்க்கிறாள். மறுபடி காது. காலை முழுக்க இதுதான். பறவைகள் தண்ணீரில் நின்றன. எனக்கு அவற்றைப் பார்க்க நேரமில்லை.

காற்று ஒருமுறை அவளுடைய பேச்சைக் கொஞ்சம் கொண்டுவந்தது. "தையலூசியை நெருப்பில காட்டி மேல வளைச்ச மாதிரிச் சொண்டு" என்றாள். கோணமூக்கு உள்ளானைச் சொல்கிறாள் என்று பிறகு விளங்கியது.

திரும்பும் வழியில் ஒரு கோப்பிக் கடை. இந்தக் கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. சின்னக் கோப்பையில் தாரைப் போன்ற கோப்பியைக் குடித்துக்கொண்டு, ஒவ்வொருவராக அன்றைக்குக் கண்ட ஒரு பறவையைச் சொல்ல வேண்டும். தன் கண்ணால் கண்டதை மட்டும்தான் சொல்லலாம். அடுத்தவன் சொன்னதைச் சொன்னால் கணக்கில்லை. பஸ்தியரின் முறை வந்தது. இத்தாலிய மொழியில் சொல்லிவிட்டு, எங்களுக்காகத் தமிழிலும் சொன்னார்: "தையலூசியை நெருப்பில காட்டி மேல வளைச்ச மாதிரி."

எல்லோரும் கை தட்டினார்கள். பெற்றோனில்லா குனிந்து கோப்பையைப் பார்த்தாள். அவளுடைய காதுமடல் சிவந்திருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் காதில் விழுந்தது ஒன்றும் வெளியே போகாது. அந்தச் சொல் அவளுடைய சொல். அதை எடுத்து வைத்திருக்கிறார் அந்த மனிதன்.

பெப்ரவரி 10, திங்கள்

கேட்டுவிட்டேன்.

"எடியே, அந்த ஆளின்ர கையை ஏன் பிடிச்சனி?"

"வரம்பில கல்லுக் கிடக்கு. தட்டி விழுந்திடுவார்."

"ஆம்பிளை. கல்லுத் தட்டினா எழும்புவான்."

"நீங்கள் போன வருசம் மாடிப்படியில தட்டி விழுந்து ரெண்டு கிழமை படுத்தனீங்கள். ஆர் எழுப்பினது?"

"நான் உன்ர புருஷன்!"

"அதுதானே எழுப்பினனான்" என்றாள். வெங்காயத்தை உரித்தாள்.

பெப்ரவரி 12, புதன்

மருந்துப் பெட்டிகள் புதிதாக வந்தன. எது காலை, எது இரவு என்று அவள் வாசித்துச் சொன்னாள். பேசாலைப் பங்கில் செத்தவர், பிறந்தவர் செய்தியைப் போனில் வாசித்துக் காட்டினாள். எனக்கு அவள் வாசிக்கும் குரல் வேறு, பேசும் குரல் வேறு. வாசிக்கும்போது கொஞ்சம் மெல்லியதாக, ஒவ்வொரு சொல்லையும் கையில் தருவதுபோல் வரும். கலியாணம் முடித்த முதல் மாதம், மீன்பிடிச் சங்கத்துக் கடிதம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நான் முழித்தபோது, கேளாமலே வாங்கி வாசித்தாள். அன்றில் இருந்து பஸ்சின் பலகை, வைத்தியரின் துண்டு, கோயில் அறிவித்தல் எல்லாமே அந்தக் குரலில்தான் எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை பஸ்தியர் காதில் வைத்ததும் அந்தக் குரல்தான். இன்று வாசித்தபோதுதான் பிடிபட்டது.

அவள் யாரோடும் சிரிக்கட்டும். அந்தக் குரல் எனக்குரியது.

பெப்ரவரி 16, ஞாயிறு

ஆபிரிக்காப் பக்கமிருந்து சூடான காற்று. வானம் மஞ்சள். செம்மண் தூசி எல்லோருடைய கண்ணிலும்.

இன்று ஒரு விசயம் அறிந்தேன். அறிந்ததில் இருந்து வாய் சும்மா இருக்கமாட்டேன் என்கிறது.

பெற்றோனில்லா வானுக்குத் தண்ணீர்ப் போத்தல் எடுக்கப் போயிருந்தாள். பஸ்தியர் வரம்பில் தனியே, தூரக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தபடி நின்றார். எனக்கு ஆத்திரம் முட்டியிருந்தது. அவருக்கு நேர் முன்னால், ஒரு பாகம், அதாவது ஆறடி தூரத்தில் போய் நின்றேன். "இப்ப என்னைப் பார் பாப்பம்" என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, கறுத்தக் கோட்டின் இரண்டு கையையும் விரித்தேன். இந்தச் சமயம் அவள் வந்துவிட்டாள்.

பஸ்தியர் கேட்டார்: "சின்யோரா, முன்னுக்கு ஏதோ கறுப்பா செட்டையை விரிச்சுக்கொண்டு நிக்குது. நீர்க்காகமோ?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் கையை விரித்தபடியே நின்றேன். அவளுடைய உதடு துடித்தது, சிரிப்பா வேறெதுவுமா என்று சொல்லத் தெரியாது.

"ஓம் அண்ணை" என்றாள். "நீர்க்காகம்தான். கிழடு."

அந்த மனிதனுக்குக் கண் தெரியாது! நிழலாட்டம் தெரியும், அவ்வளவுதான். என் முகத்தைப் பார்க்காததும் அதனால். முழங்கையும் காதும் அதனால்.

அப்படியானால் கோப்பிக் கடையில் சொல்வதெல்லாம் பொய். இன்றைக்கும் சொன்னார், கரண்டிவாயன் சேற்றைக் கிளறுவது "பாயாசத்தில அடிப்பிடிக்காமத் துழாவுற மாதிரி" என்று. என் வீட்டு அடுப்படிப் பேச்சு அது.

நியாயமாக என் மனம் ஆறியிருக்க வேண்டும். கண் தெரியாத மனிதனுக்கு ஒரு பெண் வழிகாட்டுகிறாள். ஆறவில்லை. இன்னும் கூடிவிட்டது.

பெப்ரவரி 19, புதன்

தமிழ்க் கடைப் பெடியனிடம் கறிவேப்பிலை வாங்கப் போனேன். கண் தெரியாதவனுக்கு இத்தாலிய மொழியில் என்ன சொல் என்று கேட்டேன். "சேக்கோ" என்றான். வீடு வரும்வரை சொல்லிச் சொல்லி வந்தேன். ஒரே ஒரு சொல் போதும்.

பெப்ரவரி 23, ஞாயிறு

கோப்பிக் கடை. பஸ்தியர் எழுந்தார். பூநாரை என்று தொடங்கினார்.

நானும் எழுந்தேன். அவரைக் காட்டினேன். என் இரண்டு கண்ணையும் கையால் பொத்தினேன். "பஸ்தியர் சேக்கோ" என்றேன். பிறகு தமிழில், அவருக்கும் விளங்கட்டும் என்று சொன்னேன்: "கண்ணால கண்டதைத்தான் சொல்லோணும் எண்டு சட்டம். இந்த மனிசன் ஒரு பறவையும் காணேல்லை. எல்லாம் என்ர மனிசி சொன்னது."

ஒருவரும் அதிரவில்லை. அது எனக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. எட்டுப் பேரும் என்னையே பார்த்தார்கள், அவரை அல்ல.  றொசாரியா தாழ்ந்த குரலில் எதையோ சொன்னாள்.

"என்னவாம்?" என்றேன்.

பெற்றோனில்லா என்னைப் பாராமல் சொன்னாள்: "தெரியுமாம். கண் மங்கத் தொடங்கின நாளில இருந்து எல்லாருக்கும் தெரியுமாம். இந்தக் கூட்டத்தைத் தொடங்கினதே அவராம். தங்களுக்கெல்லாம் முதல் பறவையைக் காட்டினது அவராம். சட்டம் போட்டதும் அவராம்."

பஸ்தியர் மேசை விளிம்பைத் தடவிப் பிடித்துக்கொண்டு நின்றார். "சந்தியோகு அண்ணை சொல்லுறது சரிதான்" என்றார். "சட்டம் எண்டா சட்டம்." உட்கார்ந்தார். கோப்பைக்குப் பதிலாகச் சீனிப் பாத்திரத்தில் அவர் கை பட்டது. யாரோ கோப்பையை நகர்த்தி வைத்தார்கள்.

வானில் பெற்றோனில்லா முன் ஆசனத்தில், றொசாரியாவுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

பெப்ரவரி 24, திங்கள்

பேச்சில்லை. சோறு இருந்தது.

பெப்ரவரி 26, புதன்

காலை மருந்தையும் இரவு மருந்தையும் என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எது எதுவென்று சொல்லவில்லை. நிறத்தை நினைவில் வைத்து எடுத்தேன்.

மத்தியானம் பொறுக்கமுடியாமல் நானே தொடங்கினேன். "எனக்கு முதலே சொல்லியிருக்கலாமே, கண் தெரியாது எண்டு."

"சொன்னா நீங்கள் அண்டைக்கே தமிழ்க் கடையில போய்ச் சொல்லியிருப்பீங்கள். அவருக்கு அது பிடிக்காது."

"அவருக்குப் பிடிக்கிறதும் பிடிக்காததும் உனக்கு நல்லாத் தெரியுது."

துவைத்த உடுப்பை மடித்துக்கொண்டிருந்தவள் அதைக் கட்டிலில் போட்டாள். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நல்லது.

"இஞ்சருங்கோ. எங்கட ஊர்க் களப்பிலயும் பூநாரை வாறது, ஓமே? ஒவ்வொரு நாளும் விடிய நீங்கள் அதுக்காலதானே வள்ளத்துக்குப் போனனீங்கள்?"

"ஓம். ஆயிரக்கணக்கில நிக்கும். அதுக்கென்ன?"

"நான் இஞ்ச வந்துதான் முதல் முதல் கண்டனான். எனக்கு வயசு அறுபத்தொன்பது. பக்கத்துக் களப்பில அப்பிடி ஒண்டு நிக்கிதெண்டு நீங்கள் ஒரு நாள் வந்து சொன்னீங்களே? எனக்குக் காலையில அடுப்பு, பிள்ளையள், கருவாடு. உங்களுக்குக் கண் இருந்தது. எல்லாம் நினைவிலயும் இருக்கு. நான் உங்களுக்கு எவ்வளவு வாசிச்சுச் சொன்னனான். நீங்கள் எனக்கு என்ன சொன்னனீங்கள்? 'சோத்தைப் போடு.'"

"மீன் பிடிக்கப் போறவன் கொக்குக் கதை சொல்லுறதே?"

"அந்த மனிசன் 'பிறகு? பிறகு?' எண்டு கேக்கிறார். நான் சொல்லுறதை ஒரு ஆள் அப்பிடிக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை." மறுபடி உடுப்பை எடுத்தாள். "பதினைஞ்சாம் திகதி நான் வரேல்லை. நீங்கள் போங்கோ. நான் பிறகு வாறன்."

"பிறகு எண்டா?"

"பாப்பம்."

மார்ச் 2, ஞாயிறு

அவள் மட்டும் போனாள். பத்து மணிக்கே திரும்பிவிட்டாள். பஸ்தியர் வரவில்லையாம். கதவையும் திறக்கவில்லையாம்.

சந்தோஷப்பட வேண்டிய செய்தி. பின்னேரம் வரை அதைச் சந்தோஷமாக்கப் பார்த்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

போனேன். சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து, நிலத்தளத்தில் பஸ்தியரின் வீடு. தட்டினேன்.

"ஆர்?"

"நீர்க்காகம்" என்றேன்.

 உள்ளே பெரிய சிரிப்பு. கதவு திறந்தது. "அது நீங்களோ அண்ணை? அதுதான் பறக்காம நிண்டது!"

தேத்தண்ணி போட்டார். அடுப்பு, கேத்தல், சீனி எல்லாம் அவர் கைக்குத் தெரியும். ஒரு சொட்டும் சிந்தவில்லை. சுத்தமான வீடு. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

"ஞாயிறு வாங்கோ" என்றேன். மன்னிப்புக் கேட்க எனக்கு வராது. அவர் அதைத் தேடவும் இல்லை.

"சின்யோரா வந்தா வாறன்."

கேட்கக்கூடாது என்று போனதைக் கேட்டேன். "அவ உங்களோட என்னதான் கதைக்கிறவ? என்னைப் பற்றிச் சொல்லுறவவோ?"

பஸ்தியர் யோசித்தார். "இல்லை அண்ணை. உங்களைப் பற்றி ஒண்டும் சொல்லுறேல்லை. பறவையைப் பற்றித்தான்."

நல்லதாக ஒரு சொல், அல்லது கெட்டதாக ஒரு சொல். ஒன்றாவது சொல்லியிருக்கலாம் அவள்.

மார்ச் 5, விபூதிப் புதன்

சாம்பல் பூசினோம். ஒருசந்தி, ஒரு நேரச் சாப்பாடு. பஸ்தியர் ஞாயிறு வருவார் என்று சொன்னேன். "ஆர் போய்க் கேட்டது?" என்றாள். "ஆரோ" என்றேன். இரவு மருந்தை வாசித்துத் தந்தாள்.

மார்ச் 9, ஞாயிறு

விடிய எழும்பினால், முழங்கால் வீங்கிவிட்டது என்று போர்வைக்குள் கிடக்கிறாள்.

"அப்ப பஸ்தியர்?"

"நீங்கள் போய்ச் சொல்லுங்கோ அவருக்கு. கண் இருக்குத்தானே."

அவருடைய முழங்கையை நான் பிடித்தேன். எழுபத்தாறு வயதில் இதுவும் எனக்கு எழுதியிருந்தது. வரம்பில் நின்றோம்.

"என்ன தெரியுது அண்ணை?"

"பறவை."

"எத்தினை?"

"கனக்க."

"என்ன செய்யுது?"

"நிக்குது." பிறகு, "பறக்குது" என்றேன்.

"அண்ணை, பறவை எண்டாப் பறக்கும்தானே" என்றார். பொறுமையான மனிதன். "சின்யோரா எண்டா..." என்று தொடங்கி நிறுத்தினார். அந்த நிறுத்தம் என்னைச் சுட்டது.

அப்போது ஒரு பூனைப்பருந்து நாணலுக்கு மேலால் தாழப் பறந்து வந்தது. சேற்றில் நின்ற சின்ன உள்ளான்கள் அத்தனையும் ஒரேயடியாக எழும்பின. எனக்கு வாய் தானாகத் திறந்துவிட்டது. "பஸ்தியர், சூடை மீன் வலை இழுத்திருக்கிறீங்களோ? மடி மேல வரேக்க மீனெல்லாம் ஒரு பக்கமாப் பிரளும். அப்பிடி. இந்தப் பக்கம் திரும்பினா வெள்ளி. அந்தப் பக்கம் திரும்பினாக் கறுப்பு. இப்ப ஒண்டும் இல்லை, வானம் வெறுமை. இந்தா, திரும்பவும் வெள்ளி! பருந்து நடுவால போகுது. மீன் விலகுற மாதிரி வழி விடுதுகள்."

"பிறகு?" என்றார் அவர், என் கையை இறுக்கிக்கொண்டு. "பிறகு?"

ஓ. இதுதானா அது.

கோப்பிக் கடையில் பஸ்தியர் சூடை வலையை இத்தாலிய மொழியில் சொன்னார். நடுவில் என் பெயர் வந்தது. கை தட்டினார்கள். நான் கோப்பையைப் பார்த்தேன்.

வீட்டுக்கு வந்து ஒன்றும் சொல்லக்கூடாது என்றுதான் நினைத்தேன். அவரிடம் போய்க் கேட்டுக்கொள்ளட்டும். சப்பாத்தைக் கழற்ற முன்னரே, அடுப்படியில் இருந்து விறுவிறென்று வந்து கதவடியில் நின்றாள்.

"என்ன கண்டனீங்கள்?"

சொன்னேன். பருந்தையும் உள்ளானையும் வெள்ளியையும் கறுப்பையும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கெதிரே கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். சோறு ஆறியது. நான் ஒருமுறையும் சோறு கேட்கவில்லை.

"பருந்துக்குக் கால் என்ன நிறம்?"

கால். காலைப் பார்க்கவில்லை. "அது பாக்கேல்லை. அடுத்த ஞாயிறு பாத்துச் சொல்லுறன்."

"அடுத்த ஞாயிறு நீங்கள் பேசாலையில எல்லே நிப்பீங்கள்?"

நான் சப்பாத்தின் கயிற்றை அவிழ்த்தேன். இரண்டையும் அவிழ்த்து முடித்து, மெற்றில்டாவைக் கூப்பிட்டு, என் டிக்கெட்டையும் அம்மாவின் டிக்கெட்டோடு சேர்த்துத் தள்ளிப் போடச் சொன்னேன்.

"ஏன் அப்பா? ஊருக்குப் போகோணும் எண்டு துடிச்சனீங்களே?"

"இவளை அந்த மனிசனோட தனிய விட்டிட்டுப் போக நான் என்ன விசரனே?"

பெற்றோனில்லா சிரிக்கத் தொடங்கினாள். சோறு சுடவைக்க எழும்பிப் போனவள், அடுப்படிக்குள் நின்றும் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.